ஆட்சேபணை உள்ளவர்கள்

ஜூலை 6, ஞாயிறு

காலையில் ஒரு பெண் வந்தாள். நாட்டு நடப்பைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போகிறாளாம். கழுத்தில் அட்டை தொங்கியது. வெயிலில் முகமெல்லாம் கன்றிப்போயிருந்தது. "வீட்டுத் தலைவர் இருக்காருங்களாம்மா?" என்றாள்.

இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிற கடை. சங்ககிரிச் சுற்றுவட்டாரத்தில் 'சென்னியப்பன் ஸ்பேர்ஸ்' என்றால் தெரியும்.

இவருக்குக் கேள்வி கேட்டால் பிடிக்கும். டிவியில் நாலு பேர் உட்கார்ந்து சண்டை போடும்போது ஐந்தாவது ஆளாக இங்கிருந்து பதில் சொல்கிறவர். இன்றைக்கு நேரிலேயே கேட்க ஆள் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இந்தி? "திணிக்கக் கூடாதும்மா. ஆனா கத்துக்கிட்டாத் தப்பில்ல. ரிக்கோட ஒடிசா, ராஜஸ்தான்னு சுத்துனவன் நானு. ஃபர்ஸ்ட் கிளாஸாப் பேசுவேன்." இலவசங்கள்? "நாட்டையே கெடுத்துப் போட்டுது." இட ஒதுக்கீடு? "ஏழையாப் பாத்துக் குடுக்கோணும். சாதி பாத்து எதுக்கு?" எங்கள் சாதிக்கும் அது இருக்கிறது, இவருடைய தங்கை டீச்சரானதே அதில்தான் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது.

அப்புறம் அவள் கேட்டாள்: "உங்க குடும்பத்துல ஒருத்தர் வேற சாதியில கல்யாணம் பண்ணிக்கிட்டா ஏத்துக்குவீங்களா சார்?"

இவர் யோசிக்கவே இல்லை. "எங்களுக்கு ஆட்சேபணை இல்லம்மா. இந்தக் காலத்துல யாரு சாதி பாக்கறா?"

"உங்களுக்கு எத்தனை குழந்தைங்க சார்?"

"இல்லம்மா."

நான் மோர் கொண்டுவர உள்ளே போனேன்.

என்னை அவள் ஒன்றும் கேட்கவில்லை. பாவம், அவளுக்கு ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் போதும். மோரைக் குடித்துவிட்டு "ரொம்ப நல்லாருக்குங்கம்மா" என்றாள். என் கருத்து கேட்கப்படாவிட்டால் என்ன, என் மோரைப் பற்றி ஒரு கருத்து கிடைத்தது.

பெயின்ட் கடையில் கொடுத்த டைரி ஒன்று ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. எடுத்து எழுதுகிறேன். கேட்காவிட்டாலும் எனக்கும் பதில் உண்டு.

ஜூலை 9, புதன்

சேலம் போனேன். கண் ஆஸ்பத்திரி. முருங்கைக்கீரைப் பொரியல், எள்ளுருண்டை, பழைய வேட்டியில் கிழித்துத் துவைத்த துணி ஒரு பை. நன்றாக இருப்பதாக டாக்டர் சொன்னாராம்.

இலவசம் என்றால் இவர் பொரிந்து தள்ளுகிறார். நான் டவுன் பஸ்ஸில் ஏறினால் சீட்டுக்குக் காசு இல்லை. முன்பெல்லாம் எங்காவது போக வேண்டுமென்றால் இவரிடம் கை நீட்ட வேண்டும். எதற்கு, எங்கே, ஏன் இப்போது என்று மூன்று கேள்விகள் வரும். இப்போது இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போனாலும், நானாகப் போகிறேன். நாடு கெட்டுப் போகிறதா என்று எனக்குத் தெரியாது. நான் சேலம் போகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

தொகுதிகளைக் குறைக்கப் போகிறார்களாமே, அதைப் பற்றி டிவியில் ஒரே சத்தம். முதலில் எனக்குப் புரியவில்லை. இவர்தான் விளக்கினார். நாம் பிள்ளை பெறுவதைக் குறைத்துக்கொண்டோம், வடக்கே குறைக்கவில்லை, அதனால் அவர்களுக்கு எம்.பி. கூடும், நமக்கு மதிப்புக் குறையும். "கவர்மென்ட்டு சொன்னதக் கேட்டதுக்கு நமக்குத் தண்டனை!" என்று சோபாவைக் குத்தினார்.

நியாயம்தான். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஒன்றே ஒன்றுதான். நாங்களும் ஒன்றோடு நிறுத்தினோம். ஒன்றுக்கே எல்லாம் செய்ய வேண்டும் என்று நிறுத்தினோம்.

மாடி அறையைக் கூட்டிவிட்டு வந்தேன். ஜன்னல் கொக்கி துருப்பிடித்திருக்கிறது.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

தேங்காய் சுட்டேன். அரிசி, பருப்பு, வெல்லம், எள் எல்லாம் அடைத்து, அழிஞ்சிக் குச்சி செருகி. இரண்டு பேருக்கு ஒரு தேங்காயே அதிகம். பழக்கத்தில் மூன்று சுட்டுவிட்டேன். இவர் மூன்றையும் பார்த்தார். ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

எதிர்வீட்டுக்கு ஆடிக்குப் பெண் வந்திருக்கிறாள். வாசலில் செருப்புக் குவியல்.

ஜூலை 20, ஞாயிறு

முத்துரத்தினம் வந்தான். எங்கள் சாதிச் சங்கத்துக்கு இந்த ஒன்றியத்தில் அவன்தான் செயலாளர். கெட்டவன் என்று எழுத எனக்கு மனம் வராது. இவருக்கு நெஞ்சுவலி வந்தபோது தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஈரோட்டுக்குப் பறந்தவன். மூன்று நாள் வராண்டாவில் படுத்துக் கிடந்தவன். என்னை அக்கா என்பான், இவரை மாமா என்பான்.

"மாமா, ஆகஸ்டு பதினஞ்சு கிராம சபையில ஒரு தீர்மானம் கொண்டாரலாம்னு இருக்கறோம். லவ் மேரேஜுன்னா அப்பன் ஆத்தா கையெழுத்து கட்டாயம் வேணும்னு சட்டம் போடச் சொல்லி. எல்லா ஊராட்சியிலயும் போட்டு டெல்லிக்குத் தாட்டி உடறோம்."

"நல்லதுதான்" என்றார் இவர்.

"நீங்க ரெண்டு வார்த்தை பேசோணும். நாங்க ஆயிரம் பேசலாம், பாதிக்கப்பட்டவங்க பேசறாப்பல வருமா?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக இந்த வீட்டில் பேசாத பேச்சு அது. எங்கள் பெண் தாரணி அந்தக் காலனிப் பையனோடு பதிவுத் திருமணம் செய்துகொண்டாள் என்று தெரிந்த அன்று, இவர் கிணற்றடியில் உட்கார்ந்து தலை முழுகினார். ஹாலில் இருந்த அவள் போட்டோவைக் கழற்றினார். அந்த ஆணியை மட்டும் இன்னும் பிடுங்கவில்லை.

"அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றான் முத்துரத்தினம்.

கருத்துக் கணிப்புப் பெண்ணே கேட்காததை இவன் கேட்டான். நான் "காப்பி ஆறுது, குடி தம்பி" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

இவர் பேசுவதாக ஒத்துக்கொண்டார்.

ஜூலை 23, புதன்

கண் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் சரியான கூட்டம். நூல் மில்லுக்குப் போகிற வடக்கத்திப் பிள்ளைகள், மீசைகூட முளைக்காதவர்கள். ஒருத்தன் எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். இவர்கள் வந்து நம் வேலையையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள் என்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த மில்லுக்குள் போகவே மாட்டேன் என்று பெங்களூரு போனதையும் யாராவது சொல்ல வேண்டும். உட்கார்ந்த பிறகு அவனிடம் ஊர் கேட்டேன். ஏதோ சொன்னான், புரியவில்லை. "அம்மா இருக்கா?" என்று கேட்டேன். அது புரிந்தது. சிரித்தான்.

இப்போதெல்லாம் நன்றாக உதைக்கிறதாம். கையை வைத்துப் பார்த்தேன், எனக்கும் தெரிந்தது.

எழுதிவிட்டேன். கண்ணுக்குள் எது உதைக்கும்? அடிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும். இவர் என் டைரியைப் புரட்டுகிற ஆள் இல்லை. ஆனாலும் எழுதும்போதுகூடப் பயந்து பயந்து எழுதியிருக்கிறேன், பார்.

தாரணி சேலத்தில்தான் இருக்கிறாள். அவள் புருஷன் ஜெயசீலனுக்குப் பெங்களூருவிலிருந்து மாற்றலாகி இந்த வருடம்தான் வந்தார்கள். வந்த வாரமே எதிர்வீட்டுக்காரியின் போனுக்குக் கூப்பிட்டு "அம்மா, நான் பக்கத்துலதான் இருக்கறன்" என்றாள். அன்றிலிருந்து எனக்குக் கண் சரியில்லை.

முதல் தடவை போனபோது அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க என் கை தயங்கியது. இதையும் எழுத வேண்டும். ஜெயசீலனின் அம்மா சொம்பைக் கொடுத்துவிட்டு, நான் குடிக்கிறேனா என்று பார்க்காமல் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குடித்தேன்.

ஆகஸ்டு 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

முளைப்பாலிகையை ஆற்றில் விடப் போனோம். இவர் கரையில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார், பேச்சு. வீட்டுக்கு வந்ததும் என்னை நிற்கவைத்துப் படித்துக் காட்டினார். "பெற்றோரின் கண்ணீர்" என்று மூன்று இடத்தில் வருகிறது. "எப்படி?" என்றார்.

"கண்ணீர் ஒருக்கா இருந்தாப் போதுமுங்க" என்றேன்.

இரண்டை அடித்தார்.

ஆகஸ்டு 6, புதன்

டிவியில் ஒரு கொலை. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்ட பெண்ணையும் அவனையும், அவள் வீட்டு ஆட்களே. நாலு பேர் உட்கார்ந்து அதற்குத் தனிச்சட்டம் வேண்டும், வேண்டாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாதியில் இவர் டிவியை நிறுத்தினார். டிவி வாங்கிய நாளிலிருந்து விவாதம் முடியுமுன் இவர் டிவியை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"என்ன இருந்தாலும் வெட்டறது தப்பு" என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவராகச் சொன்னார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனார்.

இன்று சேலம் போகவில்லை.

ஆகஸ்டு 15, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு, வேப்பமரத்தடியில் கிராம சபை. குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலைச் சம்பளம் எல்லாம் முடிந்தது. ஒன்றிய ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தாள், கண்ணாடி போட்ட சின்ன வயதுப் பெண். முத்துரத்தினம் எழுந்து தீர்மானத்தைப் படித்தான். "இது நம்ம அதிகாரத்துல வர்ற விசயமில்லைங்களே" என்றாள் அவள். "கோரிக்கையா அனுப்புங்க மேடம், போதும்" என்றான். நாலைந்து பேர் சத்தம் போட்டார்கள். சரியென்று உட்கார்ந்துவிட்டாள்.

இவரைக் கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டி நான் தேய்த்துக் கொடுத்தது. காகிதத்தைப் பிரித்தார். "எல்லாருக்கும் வணக்கமுங்க. என்ற பேரு சென்னியப்பன். நானும் ஒரு பொண்ணப் பெத்தவன்..."

அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை. காகிதம் கையில்தான் இருந்தது. கண் அதன் மேல்தான் இருந்தது. வாய் அசைந்தது, சத்தமில்லை. வீட்டுக்கு வந்த பெண்ணிடம் இல்லை என்று அத்தனை சுலபமாகச் சொன்னவருக்கு, பெத்தவன் என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை.

முத்துரத்தினம் மெதுவாக மைக்கை வாங்கினான். "மாமாவால பேச முடியலீங்க. பெத்த புள்ள உசுரோட இருந்தும் செத்த மாதிரின்னா எந்த அப்பனுக்குத்தான் பேச்சு வரும்?"

கை தட்டினார்கள். இவர் நின்றுகொண்டே இருந்தார்.

அந்த அதிகாரிப் பெண், முறைப்படி கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டிருப்பாள்: "ஆட்சேபணை உள்ளவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

எழ வேண்டும் என்று நான் நினைத்துப் போகவில்லை. எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது.

"எனக்கு இருக்குதுங்க."

"பேர் சொல்லுங்கம்மா."

"சம்பூர்ணம். இவரு ஊட்டுக்காரி."

என்ன ஆட்சேபணை என்று கேட்டாள். இந்த டைரியில் எவ்வளவோ எழுதி வைத்திருந்தேன். ஒன்றும் நினைவில் இல்லை.

"என்ற புள்ள சாகலீங்க. சேலத்துல இருக்குது. ஏழு மாசம் முழுகாம இருக்குது."

இவர் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

"அக்கா, உக்காருங்க, ஊட்டுல பேசிக்கலாம்" என்றான் முத்துரத்தினம்.

"இரு தம்பி. அன்னைக்கு நீதான என்னையக் கேட்ட? இப்பச் சொல்றன்" என்றேன். "பதினெட்டு வயசானா ஓட்டுப் போடுங்கறீங்க. நாட்ட யாரு ஆளோணும்னு அவ சொல்லலாம், அவ ஊட்டுல யாரு இருக்கோணும்னு சொல்லக் கூடாதுங்களா? எனக்குக் கல்யாணம் ஆனப்ப எங்கப்பன் சம்மதம் இருந்துது, எங்கண்ணன் சம்மதம் இருந்துது, ஊரே சம்மதிச்சுது. என்னைய ஒருத்தரும் கேக்கல. நல்லபடியாத்தான் பொழச்சேன். அது என்ற அதிர்ஷ்டமுங்க. உங்க சம்மதத்தோட சாமர்த்தியமில்ல."

பின்னாலிருந்து ஒரு குரல், "சேலத்துல எந்தப் பக்கமுங்கக்கா?" என்றது. யாரென்று தெரியவில்லை. சிரிப்புச் சத்தம்.

அப்போது நூறு நாள் வேலைக்குப் போகிற பாவாயி எழுந்தாள். "என்ற பேரையும் போடுங்க" என்றாள். பால் சொசைட்டிக்காரர் மருமகள் உட்கார்ந்தபடியே கையை மட்டும் தூக்கினாள். மாமியார் பக்கத்தில் இருந்ததால் பாதிதான் தூக்கினாள். அதிகாரி அதையும் சேர்த்துக்கொண்டாள். ரிட்டையர்டான தபால்காரர் ரங்கநாதனும் தடியை ஊன்றி எழுந்தார்.

தீர்மானம் நிறைவேறியது. கை தட்டினார்கள். எங்கள் நாலு பேருக்கும் ஆட்சேபணை என்று எழுதிக்கொண்டு அந்தப் பெண் புத்தகத்தை மூடினாள்.

இவர் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டார். நான் வந்தபோது கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். மறுபடி தலை முழுகுவாரோ, இந்தத் தடவை எனக்காகவோ என்று வாசலிலேயே நின்றேன்.

"சேலம்னு எதுக்குச் சொன்ன?" என்றார்.

நான் பக்கத்தில் போனேன்.

"அத்தன பேரு இருக்கற கூட்டத்துல ஊரச் சொல்லுவாங்களா? அறிவு வேண்டாமா புள்ள? எவன் எப்படிப்பட்டவன்னு தெரியுமா உனக்கு?" குரல் உடைந்தது. "கதவத் தாப்பாப் போட்டுக்கச் சொல்லு. போன் பண்ணு. இப்பவே பண்ணு."

போனை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். நான் பேசும்போது பக்கத்தில் நிற்கவில்லை. வெகு தூரமும் போகவில்லை.

ஆகஸ்டு 16, சனி

பேசவில்லை. சாப்பிட்டார். கடைக்குப் போனார்.

ஆகஸ்டு 19, செவ்வாய்

சாயங்காலம் முத்துரத்தினம் வந்தான். உட்காரவில்லை. "மாமா, சங்கத்துல எல்லாரும் வருத்தப்படறாங்க. அக்கா அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தலைவர்கிட்ட ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிச்சுட்டா முடிஞ்சுது."

இவர் பேப்பரை மடித்து வைத்தார். "ரத்தினம், என்ற உசுரக் காப்பாத்துனவன் நீ. அத நான் மறக்கல. உங்கிட்ட ஒண்ணு கேக்கறன். அன்னைக்குப் பின்னால இருந்து சேலத்துல எந்தப் பக்கம்னு கேட்டானே, அவன் யாரு?"

"அட, எவனோ வெளையாட்டுக்கு..."

"வெளையாட்டுன்னா செரி. அவன்கிட்டச் சொல்லு. அவங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் மொதல்ல உன்ற ஊட்டு வாசலுக்குத்தான் வருவேன்."

முத்துரத்தினம் முகம் செத்துப்போனது. "என்னையவா மாமா சந்தேகப்படறீங்க?"

"இல்லடா. உன்னைய நம்பித்தான் சொல்றன்."

அவன் என் பக்கம் திரும்பினான். "அக்கா, ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்றான். குடித்துவிட்டுப் போனான். வருத்தம் தெரிவிக்கிற பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

இவர் "அவளுக்கு" என்று சொல்லவில்லை, "அவங்களுக்கு" என்றார். நான் இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்டு 25, திங்கள்

"எந்த டாக்டரு பாக்கறா?" என்று கேட்டார். சொன்னேன். "ரத்தம் எத்தன இருக்குதாம்?" தெரியாது என்றேன். "இத்தன தடவ போயிட்டு வந்து அதக்கூடக் கேக்காம என்னத்தப் பாத்த?" என்று திட்டினார். திட்டு வாங்க இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கொள்கையெல்லாம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ராத்திரி விவாதத்தில் கலப்புத் திருமண உதவித்தொகை பற்றிப் பேசினார்கள். "இதுக்கெல்லாம் அரசாங்கப் பணமா?" என்று சோபாவைக் குத்தினார். என்னிடம் "நீ என்ன சொல்ற?" என்று திரும்பினார். குடுத்தாத் தப்பில்ல என்றேன். அரை மணி நேரம் சண்டை போட்டோம். நல்ல சண்டை.

செப்டம்பர் 3, புதன்

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். இவர் காரை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார். "ஏறு" என்றார். கடை திறக்கவில்லை.

கொண்டலாம்பட்டி தாண்டியதும் இளநீர்க் கடையைப் பார்த்து நிறுத்தினார். நாலு வாங்கினார். வெட்டாமல் வண்டியில் போடச் சொன்னார்.

தாரணி இருப்பது ஒரு சந்தில், மாடி வீடு. சந்து முனையில் காரை நிறுத்தினார். "நீ போய்க் கூட்டியா. ஸ்கேனுக்கு நேரமாச்சு." இறங்கவில்லை. நான் வற்புறுத்தவில்லை. இவ்வளவு தூரம் வந்ததே அவருக்கு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

கீழே கார் நிற்கிறது என்றேன். தாரணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். "கோவமா இருக்காருங்களாம்மா?" என்றாள். "தெரியல கண்ணு. எளநி வாங்கியிருக்காரு" என்றேன்.

ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். அவர் கண்ணாடி வழியாக முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றைச் சாய்த்து அவள் பின்சீட்டில் ஏறும்போது கார் லேசாக அசைந்தது. அவர் தோள் குலுங்கியதும் அப்போதுதானா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை.

"அப்பா" என்றாள்.

"ம்" என்றார். "கதவ இழுத்துச் சாத்து. பாத்து."

நான் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பின்னாலேயே இறங்கி வந்த ஜெயசீலன் ஸ்கேன் காகிதங்களை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினான். "நீங்க போங்க அத்தை. நான் பின்னாலயே பைக்குல வந்தர்றன்" என்றான். முன்சீட்டு காலியாகத்தான் இருந்தது. அவன் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகியவன்.

இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ரெண்டு வண்டி எதுக்கு? முன்னால உக்காரச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க" என்றேன்.

தாரணி என் விரல்களை வலிக்கிற அளவுக்குப் பிடித்திருந்தாள். இவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தார். அந்தப் பக்கமாகச் சாய்ந்து, எட்டி, முன்கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டார்.

"வாங்க" என்றார்.

ஜெயசீலன் என்னைப் பார்த்தான், தாரணியைப் பார்த்தான். பிறகு குனிந்து ஏறி, முழங்கால் இடிக்க, நுனியில் உட்கார்ந்தான்.

"எடம் பத்தாது" என்றார் இவர், ரோட்டைப் பார்த்தபடியே. "சீட்டுக்கு அடியில கம்பி இருக்குது பாருங்க. நல்லாப் பின்னால தள்ளிக்குங்க."